முப்பத்தெட்டாவது போட்டோவும் ஏஜென்ட் அம்மாவும்

1

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சரியாகப் பன்னிரண்டு வாரம் முடிகிறது. காலை ஆறு மணிக்கே எழுந்து, காபி போட்டு, அதை ஆறவும் விட்டுவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மனைவி செல்வி முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள். மகள் கயல்விழி மாடியில் தூங்குகிறாள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு அவளை யாராலும் எழுப்ப முடியாது.

என்ன பன்னிரண்டு வாரம் என்று கேட்பீர்கள். நான் ஒரு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதி, லண்டனில் இருக்கும் ஏஜென்ட் அம்மா ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏஜென்ட் என்றால் நம் பக்கம் இன்சூரன்ஸ் பிடிக்க வருகிறவர், வீடு முடித்துக் கொடுக்கிறவர். இங்கே கதைக்கும் ஏஜென்ட் உண்டு. முன்பின் தெரியாதவன் அனுப்பும் கதையைப் படம் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் கையால் தொட மாட்டார்கள். ஏஜென்ட் படித்துப் பார்த்து, தேறும் என்று நினைத்தால் அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் படிப்பதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று அவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதுவரை போன் செய்யக் கூடாது. ஞாபகப்படுத்தக் கூடாது. நேரில் போகவே கூடாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் முருகேசன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சமயநல்லூர் ரோட்டோரத்தில் பரோட்டா மாஸ்டராக இருந்து, சமையல்காரன் விசாவில் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷம். இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடினவன், வாரத்தில் ஐந்து நாள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன்.

கவலைப்படுவது என் கூடவே பிறந்தது. கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். அணைத்துத்தான் இருக்கும். இந்நேரம் பஸ் போயிருக்குமே என்று அடுத்த கவலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அப்படிப்பட்டவனைப் பன்னிரண்டு வாரம் சும்மா இரு என்றால் என்ன ஆகும்?

2

விதிகளைத் தேடிக் கண்டுபிடித்தவள் கயல். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கதையில் முதல் பத்துப் பக்கம் மட்டும்தான் அனுப்ப வேண்டும், மீதியை அவர்கள் கேட்டால் கொடுக்கலாம். வெள்ளைத் தாள், பழைய டைப்ரைட்டர் எழுத்து. படம், கலர், அலங்காரம் எதுவும் கூடாது. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று எழுதக் கூடாது. பரிசுப் பொருள் அனுப்பக் கூடாது. வேண்டாம் என்று அவர்கள் பதில் போட்டால், அதற்கு மறுபதில் போடவே கூடாது.

"ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்புனா என்னம்மா? வாய் இனிச்சா படிக்கத் தோணும்ல," என்றேன்.

"அதுக்குப் பேரு லஞ்சம், அப்பா."

"மைசூர்பாகா?"

ஏஜென்ட் அம்மாவின் பெயர் ஹெலன். கடிதத்தின் முதல் வரிக்கே ஒரு சாயங்காலம் போனது.

"'டியர் ஹெலன்' போட்டா போதும்ப்பா."

"அவங்களுக்கு வயசு என்ன இருக்கும்?"

"தெரியல. சிக்ஸ்டி?"

"எங்க அம்மா வயசு. பேரச் சொல்லி எப்புடிம்மா கூப்புடுறது? மேடம்னு போடு."

"மேடம்னு போட்டா பேரே தெரியாம எல்லாருக்கும் ஒரே லெட்டர அனுப்புறோம்னு நெனைப்பாங்க."

"அப்ப ஹெலன் அம்மான்னு போடேன்."

அவள் 'டியர் ஹெலன்' என்றே அடித்துவிட்டுப் போய்விட்டாள். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். அதுவும் இல்லை. யாரோ ஒரு பெரியவரை அவர் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், "இதப் படிங்க" என்று நீட்டியது போல இருந்தது அந்தக் கடிதம்.

நம் ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எப்படிக் கொடுக்கிறோம்? புருஷன் பெண்டாட்டியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நின்றுகொண்டு கொடுப்போம். ஒரு வாரத்துக்கு முன்னால் போன் போடுவோம். முதல் நாள் சாயங்காலம் இன்னொரு போன். "வந்துருங்க" என்று மூன்று தடவை சொன்னால்தான் அழைத்ததாக அர்த்தம். ஒரு தடவையோடு விட்டால், "பேருக்குச் சொல்லிட்டுப் போயிட்டான்" என்பார்கள். இங்கே அனுப்பிவிட்டு மூச்சு விடாமல் இருப்பதுதான் மரியாதையாம். என் மனசுக்கு அது மரியாதையாகவே படவில்லை. அந்த அம்மாவை நான் அவமதித்துக்கொண்டே இருப்பதாகத்தான் ஒவ்வொரு நாளும் தோன்றியது.

3

கதை என்னவென்று சொல்ல வேண்டும். அது கதையே இல்லை, நடந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சமயநல்லூரில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் நம் பக்கம் கல்யாணம் உண்டா? ஃப்ளெக்ஸில் சொந்தக்காரர்கள் போட்டோ எல்லாம் வர வேண்டும். யார் போட்டோ மேலே, யாருடையது கீழே, சித்தப்பாவுடையதைவிடப் பெரியப்பாவுடையது ஒரு விரல்கடை பெரிதாக இருக்கிறதா என்று எனக்குப் பத்து நாள் தூக்கம் இல்லை. பட்டியலை ஐந்து தடவை மாற்றி மாற்றி எழுதினேன். ஒன்றுவிட்ட சித்தப்பா, அவர் மச்சினன், பங்காளி வீட்டு மாப்பிள்ளை என்று கோபித்துக்கொள்ளக்கூடிய ஆட்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். மொத்தம் முப்பத்தேழு போட்டோ.

கல்யாணத்தன்று காலையில், என் தாய்மாமன் தவசி, வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து, சீர்த்தட்டோடும் மேளத்தோடும் வந்து இறங்கினார். தாய்மாமன் வந்தால்தான் மாலை, மரியாதை எல்லாம். வாசலில் ஃப்ளெக்ஸைப் பார்த்து நின்றார். இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார். வலமிருந்து இடமாக இன்னொரு தடவை. மேளக்காரர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

அவர் போட்டோ இல்லை. ஐந்து பட்டியலிலும் அவர் பெயரை நான் எழுதவில்லை. அவரை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. தாய்மாமன் இல்லாமல் ஒரு ஃப்ளெக்ஸா, அது தன்னால் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

சீர்த்தட்டை எல்லாம் உள்ளே அனுப்பினார். ஒன்றைக்கூடத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அவர் மட்டும் வேனில் ஏறிப் போய்விட்டார். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஓட முடியாது. மறுநாள் போயிருக்கலாம். என்ன முகத்தோடு போவது என்று கவலைப்பட்டேன். மறுவாரம், ஒரு வாரம் கழித்தா வருகிறாய் என்று கேட்பாரே என்று கவலைப்பட்டேன். அப்படியே பதினெட்டு வருஷம் போய்விட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் வாடிப்பட்டியைத் தாண்டுகிற பஸ்ஸில் நான் ஏறுவதே இல்லை.

திரைக்கதைக்கு 'முப்பத்தெட்டாவது போட்டோ' என்று பெயர் வைத்தேன். ஒன்பதாவது பக்கத்தில் மாமா வேனில் ஏறிப் போய்விடுவார். அதற்குப் பிறகு அவரைத் திரும்பக் கூட்டிவர ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். படமாக வந்தால் மாமா எங்காவது உட்கார்ந்து பார்ப்பார், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்பதைவிட லண்டன் ஏஜென்ட் மூலம் ஒரு படம் எடுப்பது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. சிரிக்காதீர்கள். கவலைப்படுகிறவனுக்குத்தான் இது விளங்கும்.

4

அந்த ஃப்ளெக்ஸை அடித்தவன் ஜெகநாதன். ஜெகன் என்றுதான் கூப்பிடுவேன். திருநகரில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த கடை. சௌராஷ்டிரக் குடும்பம். நானும் அவனும் முறைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவரை ஒருவர் மாப்ள என்றே கூப்பிட்டுக்கொள்வோம். என் குடும்பத்தில் அச்சான தாள் எதுவும் அவன் கம்ப்யூட்டரைத் தாண்டாமல் வெளியே வந்ததில்லை. இந்தத் திரைக்கதையையும் நான் தமிழில் நோட்டில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்ப, ஜெகன்தான் டைப் அடித்தான். கயல் அதை ஆங்கிலமாக்கினாள்.

அவள் ஆங்கிலமாக்கியபோது என் கதையில் இருந்த மாமா, சித்தப்பா, பெரியப்பா, மாமாவின் பங்காளி எல்லாரும் அங்கிள் ஆகிவிட்டார்கள். "எந்த அங்கிள் கோவிச்சுக்கிட்டுப் போறாருன்னு எப்புடிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "போறவருதான் மெயின் அங்கிள்," என்றாள். சரியாகத்தான் இருந்தது.

முடிவு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் மூன்று முடிவு எழுதியிருந்தேன். மூன்றிலும் மாமா திரும்பி வந்து கண்ணீரோடு மாலை போடுவார். "ஃபேக்கா இருக்குப்பா," என்றாள் கயல். "நிஜத்துல என்ன ஆச்சு?"

"நிஜத்துல ஒண்ணும் ஆகல."

அவள் தோழிகளோடு போனில் கடகடவென்று ஆங்கிலம் பேசும்போது, பாதி புரியாமல் நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். ஜெகன் கடையில் நான் பில்லைக் குறைத்துக் கேட்கும்போது அவனும் அவன் அம்மாவும் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும். இப்போது என் வீட்டுக்குள்ளேயே அப்படி நிற்கிறேன். இதை ஜெகனிடம் சொல்லி ஆறுதல் தேடினால், "நாங்க எம்புட்டுத் தலமுறையா வீட்டுக்குள்ள எங்க பேச்ச வச்சிருக்கோம். நீ ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு பதினஞ்சு வருசத்துல கைய விரிக்கிற," என்கிறான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். கயல் விதிப்படி வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாகச் செய்து கொடுத்த பத்துப் பக்கத்தைப் பார்த்தால், எனக்குக் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. இதை எந்த மனுஷி ஆசையாகத் திறப்பாள்? கயலிடம், நானே அனுப்பிவிடுகிறேன், நீ பரீட்சைக்குப் படி என்று சொல்லிவிட்டு, ஜெகனுக்கு ஃபைலை அனுப்பினேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும் மாப்ள."

அந்த ஏஜென்ட் அம்மாவின் ஆபீஸ் புதுக் கதைகளை வாங்குவது ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. வியாழனே தருகிறேன் என்ற ஜெகன், கரண்ட் இல்லை, மெஷின் சூடாகிவிட்டது என்று இழுத்து, வெள்ளிக்கிழமை காலை எங்கள் நேரத்துக்குப் பத்து இருபத்திரண்டுக்கு அனுப்பினான். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்குத் தட்டுக்கு நடுவில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். அதாவது பத்தரையிலிருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் ராகுகாலம். இந்தியாவின் ராகுகாலம் எங்கள் நேரத்துக்குக் காலை ஏழரைக்கே முடிந்துவிட்டது என்றாலும் அந்த அம்மா இருப்பது இங்கே. எட்டு நிமிஷம்தான் இருந்தது.

கடிதத்தை அதற்கு முன் பதினோரு தடவை படித்திருந்தேன். ஹெலன் என்ற பெயரில் எழுத்து சரியா என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரிடம் காட்டிக் கேட்டிருந்தேன். ஃபைல் பெரியதாக இருந்ததால் போனில் திறக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெகன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று திறக்காமலே இணைத்து, பத்து இருபத்தொன்பதுக்கு அனுப்பிவிட்டேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கிழங்குக்குத் திரும்பினேன்.

உடனே பதில் வந்தது. 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று. கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்ல வேண்டாமா? நன்றி என்று அனுப்பினேன். 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று மறுபடியும் வந்தது. எவ்வளவு தன்மையான ஆட்கள் என்று நினைத்து மறுபடியும் நன்றி சொன்னேன். அது தானாக அனுப்பும் மெஷின் என்று சாயங்காலம் கயல் சொல்வதற்குள் நான்கு தடவை நன்றி சொல்லியிருந்தேன்.

5

"அனுப்புனதக் காட்டுங்கப்பா," என்று லேப்டாப்பைத் திறந்தாள் கயல். திறந்தது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

முதல் பக்கம் முழுக்க ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே இடது பக்கம் ஏஜென்ட் அம்மா ஹெலன். முகம் அவருடையது. உடம்பு, பச்சைப் பட்டுச்சேலை கட்டி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிற ஓர் அம்மாவுடையது. கீழே தமிழில், 'எங்கள் கதையைப் படிக்க வரும் அன்புத்தாயே, வருக வருக'. அடியில் சின்னதாக நான், கல்யாணத்துக் கோட்டு போட்டு. எனக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் செல்போன் வைத்தபடி ஜெகன். மேலே வலது பக்கம், எல்லார் படத்தையும்விடப் பெரிதாக, கறுத்த மீசையோடு, தவசி மாமா.

"அப்பா. என்ன இது."

வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த செல்வி திரையைப் பார்த்தாள். "யாருங்க இவங்க? நமக்குச் சொந்தமா? சேல நல்லா எடுப்பா இருக்கு."

ஜெகனுக்கு போன் போட்டேன்.

"என்ன மாப்ள இப்புடிப் பண்ணிட்ட?"

"ஏன், கலர் அடிக்குதா?"

"அந்தம்மா போட்டோவ எதுக்குடா போட்ட?"

"யாருக்குப் போகுதோ அவுங்க போட்டோ இல்லாம எப்புடி மாப்ள? நம்ம என்ன அநாமத்தா எழுதிப் போடுறோமா? அவுங்க ஆபீஸ் வெப்சைட்ல தேடி எடுத்தேன்."

"சேல?"

"அதுல கழுத்து வரைக்குந்தான் இருந்துச்சு. பாதி ஆளா நிப்பாட்டுனா நல்லாவா இருக்கும்? கும்புட்ட மாதிரி ஒரு உடம்பு நம்மகிட்ட ரெடியா இருக்கு. வார்டு எலெக்சனுக்குப் போட்டது."

"கயல் சொன்னா, படமே இருக்கக் கூடாதாம்டா. பாத்த ஒடனே தூக்கிப் போட்டுருவாங்களாம்."

"ஒரு மனுசன் தன் போட்டோவப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டு நான் பாத்ததில்ல."

மாமாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் கேட்டேன். "தவசி மாமா எப்புடிடா அதுல வந்தாரு?"

"போன வருசம் பேரன் காதுகுத்துக்குப் போட்டோ குடுத்தாரு. நரச்ச மீச வேணாம், பழசப் போடுன்னு இதக் குடுத்தாரு. எங்கிட்டதான இருந்துச்சு." பிறகு சொன்னான். "ஒரு போட்டோ கூடுனதுக்கு எவனும் கோவிச்சுக்கிட்டுப் போனதில்ல மாப்ள. கொறஞ்சதுக்குத்தான் போயிருக்கான். நீ குடுத்த லிஸ்ட்டத்தான் அன்னைக்கு அடிச்சேன். தாய்மாமன் எங்கன்னு ஒரு வார்த்த நானும் கேட்டுருக்கலாம். அதுலருந்து தல எண்ணாம எதையும் பிரிண்ட் போடுறதில்ல."

இத்தனை வருஷம் அந்தத் தப்பு என் ஒருவனுடையது என்றே நினைத்திருந்தேன். அவனும் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று எனக்குத் தெரியாது. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை எல்லாம் போய்விட்டது.

6

மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் போடலாம் என்றேன். "கூடாது," என்றாள் கயல். போன் போடலாமா? கூடாது. சரியான ஃபைலை மறுபடி அனுப்பினால்? "உங்கள ஸ்பாம்ல போட்ருவாங்க," என்றாள். ஸ்பாம் என்றால் ஒதுக்கி வைப்பது என்று விளக்கினாள். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆறாவது வாரம், கறிவேப்பிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லண்டன் ரயிலில் ஏறினேன். எங்கள் ஊரிலும் கறிவேப்பிலை கிடைக்கும், செல்விக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். சனிக்கிழமை, பூட்டியிருந்தது. ஜன்னலில் ஒரு பூந்தொட்டி வாடிக் கிடந்தது. ஊருக்குத் திரும்பும்வரை அந்தச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கவலை. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். வரிசையில் தட்டு நீட்டும் பிள்ளைகள் என்னை மிஸ்டர் முரு என்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் வாயில் நுழைகிறது. பட்டாணி விழும்போதெல்லாம் நினைப்பேன், இந்த நிமிஷம் அந்த அம்மா தன்னைச் சேலையில் பார்த்துக்கொண்டிருப்பாரோ. வழக்குப் போடுவார்களோ. வழக்குப் போட்டால் விசா என்ன ஆகும், குடியுரிமை வாங்கிவிட்டோமே, அதைத் திருப்பிக் கேட்பார்களா. கயலிடம் கேட்டேன். சேலைக்காக யாரையும் நாடு கடத்தியதில்லை என்று சொன்னாள்.

7

மேலே உள்ளதை எல்லாம் எழுதி முடித்து மணி பார்த்தபோது ஒன்பது இருபது. போன் அடித்தது. மின்னஞ்சல். ஹெலன்.

திறக்கவில்லை. மாடிக்கு ஓடிப்போய்க் கயலை எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிப் போனை வாங்கினாள். படித்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா."

"வேண்டாம்னுதான் சொல்றாங்க. இந்த மாதிரிப் படத்துக்கு அவங்ககிட்ட ஆள் இல்லையாம். வேற யாருக்கு அனுப்புனாலும் போட்டோ போடாதீங்க, திறக்காமலே அழிச்சிருவாங்கன்னு சொல்றாங்க."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வழக்கு இல்லை என்ற நிம்மதி முதலில் வந்துவிட்டது.

"இன்னும் இருக்கு," என்றாள் கயல். "இத்தனை வருஷத்துல அவங்களுக்கு யாரும் சேலை கட்டி விட்டதில்லையாம். பச்சைக் கலர் அவங்க தங்கச்சிக்குப் பிடிச்சிருக்காம். மெயில்லயே தன் முகம் சின்னதாத் தெரிஞ்சதால, அது என்னன்னு பாக்கத்தான் ஃபைலத் திறந்தாங்களாம். அப்புறம் பத்துப் பக்கமும் படிச்சிட்டாங்களாம்." அடுத்த வரியை மெதுவாகப் படித்தாள். "'ஒன்று மட்டும் கேட்கலாமா. மேலே வலது பக்கம் இருக்கும் மீசைக்காரர்தான் அந்த மாமாவா? அவர் திரும்பி வந்தாரா?'"

மாமா என்றுதான் சொன்னாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

"பதில் போடணுமா?" என்று கேட்டேன்.

"ரூல் படி கூடாது. சும்மா மரியாதைக்குக் கேட்டிருப்பாங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "ஆனா எனக்கும் தெரியணும்ப்பா. வந்தாரா?" என்றாள்.

ஜெகனுக்கு போன் போட்டேன். வேண்டாம் என்றதைச் சொன்னதும், "போட்டோ செலெக்சன் சரியில்லையோ," என்று வருத்தப்பட்டான். கேள்வியைச் சொன்னதும், "ஒரு ஆளு நம்மள ஒண்ணு கேட்டா பதில் சொல்லணும் மாப்ள. ரூலாவது மண்ணாவது," என்று சொல்லிவிட்டு, மாமாவின் நம்பரை அனுப்பினான். "இந்நேரம் சாப்ட்டுட்டு உக்காந்துருப்பாரு. போடு."

கயல் பக்கத்தில் இருந்தாள். இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டேன்.

"யாரு?"

"மாமா, முருகேசன் பேசுறேன்."

"எந்த முருகேசன்? பால்காரனா?"

"இல்ல மாமா. உங்க தங்கச்சி மகன்."

பின்னால் டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது குறைந்தது.

"சொல்லு."

பதினெட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்று வைத்திருந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஒரு வெள்ளைக்கார அம்மா உங்கள விசாரிச்சாங்க மாமா."

"என்னையவா? எதுக்கு?"

"எங் கல்யாணத்துல நடந்தத ஒரு சினிமாவுக்கு எழுதி அனுப்புனேன். முன் பக்கத்துல உங்க போட்டோ இருந்துச்சு. அதப் பாத்துட்டு, அன்னைக்கு அவரு திரும்பி வந்தாரான்னு கேக்குறாங்க."

"எந்தப் போட்டோ?"

"மீச கருப்பா இருக்கது."

"அது நல்லாருக்கும்." கொஞ்சம் இருமினார். "எம்புட்டுப் பெருசு?"

"எல்லாத்தையும் விடப் பெருசு மாமா. மேல வலது பக்கம்."

டிவி சுத்தமாக நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வந்தேன்னு சொல்லு," என்றார்.

"மாமா?"

"வாடிப்பட்டி வரைக்கும் போயிட்டேன். தங்கச்சி மகன் கல்யாணத்துல சாப்புடாமப் போறதான்னு இருந்துச்சு. எறங்கி பஸ் புடிச்சு வந்து, பின்வாசல் வழியா மூணாவது பந்தில உக்காந்தேன். ஒரு பய பாக்கல. பாயாசம் தீந்துபோச்சு. ரசத்துல உப்பே இல்ல. எவன்டா சமையலு அன்னைக்கு?"

"இம்புட்டு வருசமா ஏன் மாமா சொல்லல?"

"நீ ஏன் கேக்கல? ஒரு வெள்ளக்காரி வந்து கேக்க வேண்டியிருக்கு. கோவம் போட்டோவுக்குத்தான்டா. சோத்துக்கு இல்ல."

நான் அழுததைக் கயல் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா கேட்டார், "அந்தம்மா படம் எடுக்குதா?"

"இல்ல மாமா. வேண்டாம்னுட்டாங்க."

"போகுது. வேற ஆளுகிட்டக் குடு. போட்டோவோட குடு. ஊருக்கு வந்தா வாடிப்பட்டி பஸ்ஸுல ஏறி வா, வீடு அங்கனயேதான் இருக்கு."

கயல் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அடித்தாள். 'டியர் ஹெலன்' என்று ஆரம்பித்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்தார், பின்வாசல் வழியாக வந்தார், மூன்றாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார், ரசத்தில் உப்பு இல்லை, இது எங்களுக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்று எழுதினோம். கதைக்கும் இதுதான் முடிவு, நீங்கள் எழுதிய மூன்று முடிவையும் கிழித்துப் போடுங்கள் என்றாள் கயல்.

அனுப்பப் போனவள் நிறுத்தினாள். "அப்பா, மணி பத்து நாப்பது. வெள்ளிக்கிழமை. ராகுகாலம்ல?"

இது இவளுக்கு எப்போது தெரிந்தது என்று யோசித்தேன். கேட்கவில்லை.

"பரவால்லம்மா," என்றேன். "அனுப்பு."